வெள்ளைக்கல் குழித் தண்ணீரைக் காய்ச்சினால் போதுமா?

கேள்வி: ஓமலூர் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம், டாக்டர். கைவிட்ட வெள்ளைக்கல் சுரங்கக் குழி ஒன்று மழைக்கு நிரம்பி ஓடையில் வழிகிறது. ஓடையோரம்தான் எங்கள் கிணறு. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும், காய்ச்சித்தான் குடிக்கிறோம். ஆனாலும் நாலு வயது மகனுக்கு அடிக்கடி வயிற்றுவலி, எனக்குக் கைகளில் அரிப்பு. உலோக விஷம் என்கிறார்கள். ரத்தத்தில் என்ன டெஸ்ட் எடுக்கலாம்?

பதில்: ரத்தம் அப்புறம் ஆகட்டும் அம்மணி, முதல் டெஸ்ட் தண்ணீருக்கு.

காய்ச்சுவது கிருமிக்குத்தான் மருந்து. உலோகம் ஆவியாகாது. ரசம் சுண்டினால் உப்புக் கரிக்கிறதே, அதே கதைதான். தண்ணீரின் தெளிவையும் நம்ப வேண்டாம். கந்தகம் கலந்த தாது வெட்டிய இடங்களில் ஓடை துருவேறிச் சிவந்து தானே காட்டிக்கொடுக்கும். சேலத்து வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், அந்த ரகமில்லை. அது கிடக்கிற பாறையில் குரோமியமும் நிக்கலும் இயற்கையிலேயே அதிகம். அவை கரைந்திருந்தாலும் கண்ணுக்கும் நாக்குக்கும் பெரும்பாலும் தெரியாது.

ஆய்வகத்தில் 'குடிநீர் டெஸ்ட்' என்று மட்டும் சொன்னால் உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். குரோமியம், நிக்கல், ஈயம், காட்மியம், ஆர்சனிக் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பாட்டிலையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில் வேண்டாம். இந்தியக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு குரோமியம் 0.05 மில்லிகிராம், நிக்கல் 0.02, ஈயம் 0.01 தாண்டக் கூடாது. கோடையில் ஒரு தடவை, ஐப்பசி மழை முடிந்து ஒரு தடவை பார்ப்பது நல்லது.

ரிப்போர்ட் வரும்வரை, பஞ்சாயத்துக் குழாயில் மேட்டூர்த் தண்ணீர் வந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதுதான். ஆர்.ஓ. மெஷின் இந்த உலோகங்களைப் பெருமளவு பிரித்துவிடும், கேண்டில் ஃபில்டரால் முடியாது. ஆர்.ஓ. வெளியே தள்ளும் தண்ணீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்.

அரிப்புக்கு வருவோம். கொத்தனார்கள் கையில் வருகிற சிமெண்ட் படைக்கு ஒரு முக்கியக் காரணம் குரோமியம், அதனால் உங்கள் சந்தேகம் வீண் இல்லை. ஆனால் கவரிங் வளையலிலும் நிக்கல் உண்டு. இரண்டு வாரம் கழற்றி வைத்துவிட்டு, சோப்பையும் மாற்றிப் பாருங்கள். பையனின் வயிற்றுவலிக்கு நான் முதலில் நினைப்பது பூச்சியும் மலச்சிக்கலும்தான். மலப் பரிசோதனையோடு ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து குறைந்த குழந்தையின் குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். தண்ணீரில் உலோகம் அதிகம் என்று வந்தால்தான் ரத்தத்திலும் சிறுநீரிலும் அதைத் தேட வேண்டும். தலைமுடி டெஸ்ட், விஷமுறிவுப் பொடி என்று யாராவது வந்தால் காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிக பயம் தந்தது உலோகமல்ல, அந்தக் குழி. இந்தக் குழிகளில் கரை செங்குத்தாக இருக்கும், கால் வைத்த இடத்திலேயே ஆழம். நாலு வயது என்றால் ஓடுகிற வயது. வேலி போடச் சொல்லி ஊராட்சியில் இந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.