கேள்வி–பதில்: நொறுங்கும் ரிப்பன்

கேள்வி: மெல்ட் ஸ்பின்னிங்கில் (உருகிய உலோகத்தைச் சுழலும் செம்புச் சக்கரத்தில் பாய்ச்சி, சட்டென உறையவைத்து மெல்லிய நாடாவாக எடுக்கும் முறை) இரும்பு-சிலிக்கான்-போரான் ரிப்பன் எடுக்கிறோம். சில நாள் மடித்தாலும் தாங்குகிறது; சில நாள் அப்பளமாக நொறுங்குகிறது. ஏன்?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: முதலில் செம்புச் சக்கரத்தைப் பாருங்கள். விநாடிக்குச் சுமார் பத்து லட்சம் டிகிரி வேகத்தில் குளிர்ந்தால்தான் அணுக்கள் படிகமாக அடுக்கிக்கொள்ள நேரமிருக்காது; கண்ணாடிபோல் ஒழுங்கின்றி உறைந்த அந்த ரிப்பன்தான் மடித்தாலும் தாங்கும். சக்கரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ ஆக்சைடு படலமோ இருந்தால் வெப்பம் சரியாக இறங்காது. பாதி படிகமாகிவிடும், அதுதான் நொறுங்குகிறது. ஒவ்வொரு முறையும் நைஸ் எமரித் தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடையுங்கள்.

200 மி.மீ. சக்கரம் 3,000 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் விளிம்பு வேகம் விநாடிக்கு 31 மீட்டர், தாராளம். ரிப்பன் தடிமன் 40 மைக்ரானைத் தாண்டினால், உருகிய உலோகத்தைச் சக்கரத்தின் மேல் தள்ளும் ஆர்கான் வாயுவின் அழுத்தத்தைக் குறையுங்கள்.

இன்னொன்று, நம் சென்னைப் புழுக்கம்! குளிர்நீர் ஓடும் சக்கரம் வியர்க்கும். அந்த ஈரத்தில் உலோகம் பட்டால் ரிப்பன் ஓட்டை விழும், தெறிக்கவும் செய்யும். ஓட்டத்துக்குச் சற்று முன் மட்டும் நீரைத் திறங்கள்.