மீன் டேங்க் லைட்: நீங்க கேட்ட கேள்விகளும் பதில்களும்

தண்ணிக்குள்ள வைக்கிற லைட் பத்தி வந்த கேள்விகளுக்கு ஒன்னொன்னா பதில் சொல்றேன். டேங்க் அழகா தெரியணும்னு எல்லாரும் கேக்குறீங்க, நல்லதுதான், ஆனா அந்த வெளிச்சத்துல நாள் முழுக்க இருக்கப்போறது மீன், அதனால என் பதில் எல்லாம் மீன் பக்கம்தான் சாயும்.

கேள்வி: அண்ணா, முழுகுற எல்இடி பாரை பக்கவாட்டு கண்ணாடியில ஒட்டினேன். அன்னையிலருந்து ஏஞ்சல் மீன் ரெண்டும் சாஞ்சு சாஞ்சு நீந்துது. நோயா இருக்குமோ?

பதில்: முதல்ல அந்த லைட்ட அணைச்சிட்டு ரூம் லைட்ட மட்டும் மேலருந்து விழற மாதிரி போட்டுப் பாருங்க தம்பி, கொஞ்ச நேரத்துல நேராயிடுச்சுன்னா நோய் இல்ல. மீனுக்கு எது மேல எது கீழன்னு தெரியறது காதுக்குள்ள இருக்குற உறுப்பால மட்டும் இல்ல, வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முதுகைத் திருப்புற பழக்கமும் அதுக்கு உண்டு. ஆத்துலயும் குளத்துலயும் வெளிச்சம் எப்பவும் மேலருந்துதான வரும். எரிக் வான் ஹோல்ஸ்ட்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி 1930கள்லயே இதை ஆராய்ச்சி பண்ணியிருக்கார். பக்கத்துலருந்து வெளிச்சம் அடிச்சா காது ஒன்னு சொல்லும் கண்ணு ஒன்னு சொல்லும், ரெண்டுக்கும் நடுவுல மீன் சாஞ்சு நிக்கும். அந்த எல்இடி லைட்ட மேல தண்ணி மட்டத்துக்கிட்ட ஒட்டி கீழ பார்க்கத் திருப்பிடுங்க. லைட் இல்லாமலும் சாஞ்சாதான், மீனை மிதக்க வைக்கிற காத்துப்பையில பிரச்சனையான்னு பாக்கணும்.

கேள்வி: காலைல லைட் போட்ட உடனே மீனெல்லாம் பதறி அடிச்சு ஓடுது, ஒன்னு மூடியில முட்டிக்கிச்சு. ஏன் சார்?

பதில்: பெரும்பாலான மீனுக்கு இமை கிடையாது, நம்ம கண்மணி மாதிரி சட்டுனு சுருங்கவும் சுருங்காது. கண்ணுக்குள்ள விழித்திரையில இருக்குற செல்லுங்க இடம் நகர்ந்துதான் வெளிச்சத்துக்குப் பழகணும், அதுக்கு நிமிஷக் கணக்குல நேரம் ஆகும், சிலதுக்கு அரைமணிக்கு மேலயும் ஆகும். கும்மிருட்டுல இருந்ததுக்கு மேல ஒரே அடியா வெளிச்சம் கொட்டினா பயப்படாம என்ன செய்யும் பாவம். முதல்ல ரூம் லைட் போடுங்க, இல்ல ஜன்னலைத் திறங்க, ஒரு 20 நிமிஷம் கழிச்சு டேங்க் லைட். ராத்திரி இதையே தலைகீழா செய்ங்க. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் இருந்தா இன்னும் நல்லது.

கேள்வி: ராத்திரி முழுக்க நீல லைட் எரியலாமா? நிலா வெளிச்சம்னு சொல்லி விக்கிறாங்களே.

பதில்: வேணாம்மா. மீனும் தூங்கும். இருட்டினாதான் தூக்கத்துக்கு உதவுற மெலடோனின்ங்கிற ஹார்மோன் நல்லா சுரக்கும், வெளிச்சம் அதைக் குறைச்சிடும், அது நீலமா இருந்தாலும் சரி. வரிக்குதிரை மீனை வச்சு தூக்கத்தைப் பத்தி நிறைய ஆராய்ச்சி நடக்குது, அங்க ஆய்வுக்கூடத்துல 14 மணி நேரம் வெளிச்சம்னா 10 மணி நேரம் இருட்டுன்னு கணக்கா குடுக்குறாங்க. படுக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் மங்கலா போட்டு ரசிங்க, அப்புறம் அணைச்சிடுங்க.

கேள்வி: அப்போ ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?

பதில்: 8 மணி நேரம் தாராளம். புது டேங்க்னா 6லருந்து ஆரம்பிங்க, இல்லன்னா பாசி பிடிச்சிடும். டைமர் மாட்டிடுங்க.

கேள்வி: நியான் டெட்ரா காலைல பார்த்தா வெளுத்துப்போய் இருக்கு, செத்துடுமோன்னு பயமா இருக்கு அண்ணா.

பதில்: பயப்படாதீங்க, ராத்திரி கலர் மங்குறது அதோட இயல்பு, வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்துல நீலமும் சிவப்பும் திரும்பிடும். நாள் முழுக்க வெளுப்பாவே இருந்தாதான் கவலைப்படணும். அப்படி இருந்தா தண்ணியை டெஸ்ட் பண்ணுங்க, கூடவே வெளிச்சம் ஜாஸ்தியான்னும் பாருங்க. சொந்த ஊர்ல இது மர நிழல் விழுற, இலை ஊறி டீ கலர்ல இருக்குற தண்ணியில வாழ்ற மீன். வெள்ளைக் கல்லுக்கு மேல பளீர்னு லைட் அடிச்சா அதுக்கு ஒளிய இடமே இல்ல. மிதக்குற செடி கொஞ்சம் விடுங்க, அடியில கருப்பு மணல் போடுங்க, அப்புறம் கலரைப் பாருங்க!

கேள்வி: சாயந்திரம் ஆனா ஃபைட்டர் மீன் கண்ணாடியைப் பார்த்து செவுள் விரிச்சு சண்டைக்கு நிக்குது ப்ரோ.

பதில்: உள்ள வெளிச்சம், வெளிய இருட்டு, அதனால அதோட உருவமே அதுக்குத் தெரியுது ப்ரோ. ரூம் லைட் போடுங்க, இல்ல டேங்க் லைட்டைக் குறைங்க. கண்ணாடிக்கு வெளிய கருப்பு பேப்பர் ஒட்டியிருந்தா எடுத்திட்டு வெளிர் கலர்ல மாத்துங்க. கண்டுக்காம விட்டா நாளெல்லாம் சண்டை போட்டே களைச்சிடும்.

கேள்வி: தண்ணிக்குள்ள லைட் வைக்கிறதுல ஷாக் அடிக்காதா?

பதில்: ஐபி68னு போட்ட (தண்ணிக்குள்ள முழுகியிருந்தாலும் உள்ள தண்ணி புகாதுன்னு அர்த்தம்), 12 வோல்ட் அடாப்டர்ல ஓடுற லைட்டா வாங்குங்க. அடாப்டர் எப்பவும் தண்ணிக்கு வெளியதான். வயர் பிளக்குக்குப் போறதுக்கு முன்னாடி கீழ தொங்கி மேல ஏறணும், அப்பதான் வழியுற தண்ணி கீழயே சொட்டிடும். லைட்டுக்குள்ள ஆவி படிஞ்சிருந்தா தூக்கிப் போட்டுடுங்க, ஒட்டிப் பாக்குற வேலையே வேணாம். டேங்க்ல கை விடறதுக்கு முன்னாடி எல்லா பிளக்கையும் பிடுங்கிடுங்க. இதுல மட்டும் சோம்பேறித்தனம் கூடவே கூடாது.

கேள்வி: ராத்திரி மட்டும் வெளிய வர்ற கெளுத்தி வகையை எப்படிப் பாக்குறது?

பதில்: மங்கலான சிவப்பு லைட், கொஞ்ச நேரம் மட்டும். இருட்டுல பாக்குற செல்லுங்களுக்கு சிவப்பு சரியா எட்டாது, அதனால அவ்வளவா மிரளாது. சாப்பாட்டையும் லைட் அணைச்ச அப்புறம் போடுங்க, பகல்ல போட்டா மத்த மீனுங்க அதுக்கு மிச்சம் வைக்காது.