20 வருடம் லேத்தில் டர்னராக இருந்தவரை ஆட்குறைப்பு என்று அனுப்பினால் என்ன கிடைக்கும்?

முதலில், "நானே விலகுகிறேன்" என்ற கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ராஜினாமா என்றாகிவிட்டால் ஆட்குறைப்பு இழப்பீடு போச்சு. அது முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம்; கூடவே ஒரு மாத முன்னறிவிப்பு, இல்லையேல் அந்த மாதச் சம்பளம்.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, தனிக் கணக்கு. ராஜினாமா செய்தாலும் உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்துக் கடைசியாக 18,200 ரூபாய் என்றால், 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க 10,500. 20 ஆண்டுக்கு 2,10,000. முப்பது நாளுக்குள் தரவேண்டும், தாமதித்தால் வட்டியோடு.

பி.எஃப். பென்ஷனை 50 வயதிலேயே கேட்கலாம். ஆனால் 58-க்கு முந்தும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும். வேறு வழி இருந்தால் தொடாதீர்கள்.

அனுபவச் சான்றிதழில் வெறும் 'டர்னர்' போதாது. ஓட்டிய மெஷின்களையும் எழுதி வாங்குங்கள்.