‘ரெஸ்க்யூ மீ’ போன்ற தொடர்கள் தீயணைப்பு வீரர்களை இழிவுபடுத்துகின்றனவா?

நியூயார்க் தீயணைப்பு வீரர்களைப் பற்றிய ‘ரெஸ்க்யூ மீ’ தொடரில் நெருப்பை அணைக்கும் காட்சிகளைவிட அவர்கள் குடிப்பதும், மனைவியோடு சண்டையிடுவதும், குடும்பம் உடைந்து தனியே கிடப்பதுமே அதிகம் வருகின்றன, உயிரைப் பணயம் வைத்து உழைப்பவர்களை இப்படிக் காட்டுவது அவமதிப்பு ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது என்பதே என் பதில். நான் இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு தீயணைப்பாளரின் மகளாக வளர்ந்தவள். என் அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய ஒப்புதலைக் கேட்டுப் பெற்ற பிறகே இதை எழுதுகிறேன்.

உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் இந்த வேலையில் இருக்கிறார், அல்லது சேரப்போகிறார் என்று எண்ணுகிறேன். காவலர், சிறைக்காவலர், தீயணைப்பாளர் ஆகிய மூன்று பணிகளுக்கும் ஒரே தேர்வை எழுதிவிட்டு, காவல்துறைக்குப் போக நினைத்து, தீயணைப்புக்கு வந்து சேரும் பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து கேட்டிருந்தால் உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வருத்தம் தொடரின் மேல் திரும்புவது சரியில்லை.

இதை எடுத்தவர்கள் வெளியிலிருந்து வேடிக்கை பார்த்தவர்கள் அல்லர். டெனிஸ் லியரியும் பீட்டர் டோலனும் சேர்ந்து உருவாக்கிய இத்தொடர் எஃப்எக்ஸ் தொலைக்காட்சியில் 2004 ஜூலை 21 அன்று தொடங்கி 2011 செப்டம்பர் 7 அன்று, ஏழு சீசன்களோடு முடிந்தது. கதைநாயகன் டாமி கேவினாக நடித்தவரும் லியரிதான். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில், 1999 டிசம்பர் 3 அன்று, கைவிடப்பட்ட ஒரு குளிர்பதனக் கிடங்கில் தீப்பிடித்தபோது, உள்ளே வீடற்றவர்கள் சிக்கியிருக்கலாம் என்று தேடப்போன இருவர் புகையில் வழிதவறினார்கள். அவர்களைத் தேடிப்போன நால்வரும் திரும்பவில்லை. தேடப்பட்டவர்களோ அதற்கு முன்பே வெளியேறியிருந்தார்கள். முதலில் வழிதவறிய இருவரில் ஒருவர் லியரியின் உறவுக்காரச் சகோதரர். மறு ஆண்டே தீயணைப்பாளர்களுக்கு உதவ லியரி ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். இந்தத் துக்கத்தைச் சொந்த வீட்டில் பார்த்தவர் எடுத்த தொடர் இது என்பதை மறந்துவிட்டு, இழிவுபடுத்தத்தான் எடுத்தார் என்று சொல்வது நேர்மையாகாது.

2001 செப்டம்பர் 11 அன்று இறந்த நியூயார்க் தீயணைப்பாளர்கள் 343 பேர். டாமியின் உறவுக்காரச் சகோதரன் ஜிம்மி அவர்களில் ஒருவனாகக் கதையில் வருகிறான். செத்துப்போன அவன் டாமியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசுகிறான். டாமியால் காப்பாற்ற முடியாமல் போனவர்களும் வருகிறார்கள். லூ என்ற மூத்தவர் யாருக்கும் தெரியாமல் கவிதை எழுதுகிறார். அவர்களின் தலைவர் ஜெர்ரி, மனைவி நினைவிழப்பு நோயில் கரைந்துகொண்டிருக்க, நான்காம் சீசனில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறார். நீங்கள் குறை சொல்லும் குடியும் சண்டையும் இவற்றுக்கு நடுவில்தான் வருகின்றன. குடியை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் இழிவாகத்தான் தெரியும்.

இனி என் வீட்டுக் கதை. இது நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடற்கரையில் இந்த வேலை திரைப்படத்தில் வருவதுபோல் இருக்காது. அடுக்குமாடிக் கட்டடங்கள் இல்லை. பனையோலைக் கூரைகளும், சீமைக்கருவேல மரத்தைக் கரியாக்கும் மூட்டங்களும், கரையில் கிடக்கும் வலைக் குவியல்களும்தான் எரியும். ஆடிக் காற்றில் ஓர் ஓலைக்கூரை பற்றினால், வண்டி தெருமுனைக்கு வருவதற்குள் பக்கத்துக் கூரைக்கும் தாவியிருக்கும். கடல் கண்ணெதிரே கிடந்தாலும், உப்புத் தண்ணீர் பம்பை அரித்துவிடும் என்பதால், ஊருணியையோ நல்ல தண்ணீர்க் கிணற்றையோ தேடித்தான் வண்டியை நிரப்பவேண்டும். வண்டி தண்ணீர் பிடிக்கத் திரும்பிப் போகும்போது, ‘தண்ணியில்லாம எதுக்கு வந்தீங்க’ என்று ஏச்சு விழும். இவை தவிர, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, கிணற்றில் விழுந்த மாடு, ஊருணியில் மூழ்கிய பிள்ளை. பாதாளக் கரண்டியைப் போட்டு ஒரு பிள்ளையை மேலே எடுத்துக் கொடுத்துவிட்டு அப்பா வீட்டுக்கு வரும் நாட்களை நாங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வோம். அன்று அம்மா மீன் சமைக்கமாட்டார்.

அவற்றையெல்லாம் அவர் தாங்கினார். 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் ஏர்வாடியில் நடந்ததை அவரால் தாங்க முடியவில்லை. மனநலம் குன்றியவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் விடுதியின் கீற்றுக் கொட்டகை எரிந்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த காரணத்தால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அன்று அங்கே வேலைக்குப் போனவர்களில் அப்பாவும் ஒருவர். அங்கே என்ன பார்த்தார் என்பதை அவர் எங்களிடம் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அந்தத் தீக்கும் நியூயார்க் கோபுரங்கள் விழுந்ததற்கும் இடையே இருந்தவை 36 நாட்கள். செப்டம்பரில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் தெருவே கூடிக் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அப்பா மட்டும் வாசல் திண்ணையில் வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

என் அப்பா குடிக்கவில்லை. குடித்திருந்தால் ஊருக்கு எளிதில் விளங்கியிருக்கும். அவருக்கு வந்தது வேறு. வீட்டில் எந்தக் கதவையும் தாழிட விடமாட்டார். இரவில் எழுந்து வாசல் கதவு, கொல்லைக் கதவு இரண்டையும் திறந்து வைப்பார். ஊஞ்சல் சங்கிலியைக் கழற்றி ஓடையில் எறிந்தார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண்ணை வைத்துக்கொண்டு இரவெல்லாம் வீட்டைத் திறந்துபோட அம்மாவால் முடியவில்லை. ‘பொம்பளப் புள்ளய வச்சிக்கிட்டு கதவத் தொறந்து போடுறீங்களே, உங்களுக்கு என்ன ஆச்சு’ என்று அழுவார். அப்பா பதில் சொல்லமாட்டார். அம்மா சாத்திய கதவை மறுபடியும் போய்த் திறப்பார். ஓர் இரவு, பக்கத்து வீட்டார் சங்கிலியில் கட்டியிருந்த நாயை அவிழ்த்துவிட்டார். அது தெருவில் ஒரு சிறுவனைக் கடித்தது. மறுநாள் எங்கள் வாசலில் கூடியவர்கள் பேசிய பேச்சை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அதன்பின் அப்பா முறைப்பணி முடிந்தாலும் நிலையத்திலேயே படுத்துக்கொள்ளத் தொடங்கினார். அம்மா எங்களை அழைத்துக்கொண்டு தங்கச்சிமடத்துக்கு, அப்பத்தா வீட்டுக்கு அல்ல, தன் அம்மா வீட்டுக்குப் போனார். புருஷன் உயிரோடு இருக்கும்போது பிறந்த வீட்டில் வந்து தங்கும் பெண்ணை ஊர் என்ன கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வேறொருத்தி இருக்கிறாளா, அடிக்கிறாரா என்றார்கள். உண்மையைச் சொன்னால், மனம் சரியில்லாதவரா என்றார்கள்.

வேலை செய்த இடத்தை நான் குற்றஞ்சாட்டவில்லை. எரிந்த இடத்திலிருந்து வந்தவனிடம் ‘உனக்கு எப்படி இருக்கிறது’ என்று தனியே கேட்க வேண்டும் என்பது அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அவரோடு வண்டி ஓட்டிய டிரைவர் மாமா மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அப்பாவின் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவார். அவரும் அன்று ஏர்வாடிக்குப் போனவர்தான்.

மருத்துவரிடம் காட்டலாம் என்று சித்தப்பா சொன்னபோது அப்பா அடியோடு மறுத்தார். படிக்காததால் மறுக்கிறார், பிடிவாதக்காரர் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது. மனம் சரியில்லை என்று ஒருவனைப் பற்றிச் சொல்லிவிட்டால் அடுத்து அவனுக்கு என்ன நடக்கும் என்பதை அவர் ஏர்வாடியில் பார்த்திருந்தார். அவர் பயந்தது சங்கிலிக்கு. அந்தத் தீக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது; அங்கிருந்த விடுதிகள் மூடப்பட்டன; மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. இவற்றையெல்லாம் அப்போது அவருக்கு எடுத்துச் சொல்ல எங்களுக்கு வழியில்லை. பல ஆண்டுகள் கழித்து, டிரைவர் மாமா தான் மதுரையில் ஒரு மருத்துவரிடம் போய்வருவதாகச் சொல்லி, தனக்குத் துணைக்கு வரும்படி அப்பாவை அழைத்தார். துணைக்குப் போனவர் மூன்றாம் முறையோ நான்காம் முறையோ தானும் உள்ளே போய்ப் பேசினார். அந்த மருத்துவரின் அறைக்கதவு எப்போதும் திறந்தே இருக்கும் என்று அப்பா ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகுதான் அம்மா திரும்பி வந்தார்.

‘ரெஸ்க்யூ மீ’ எங்கள் வீட்டுக்கு வந்தது வளைகுடாவில் வேலை பார்க்கும் என் தம்பியின் ஹார்டு டிஸ்கில். அப்பா ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் நானும் அம்மாவும் பார்த்தோம்; நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டே பார்த்தார். மனைவியைப் பிரிந்த டாமி, எதிர்ப்பக்க வீட்டில் குடியிருந்துகொண்டு தன் பிள்ளைகளின் வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியில் அம்மா நிறுத்தச் சொன்னார். ‘கண்ணுக்கெட்டுற தூரத்துலயாவது இருக்கான். உங்கப்பா அதுகூட இல்லையே தாயி’ என்றார். தன்னைப்போல் ஒரு பெண் இன்னொரு நாட்டில், இன்னொரு மொழியில் இருக்கிறாள் என்பதை அம்மா அன்றுதான் கண்டார். தன் புருஷனுக்கு வந்ததற்குக் காரணம் தானோ என்று இத்தனை ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்ததாக அன்று இரவு என்னிடம் சொன்னார். ஒரு தொடர் இதைச் செய்யுமானால் அதை இழிவு என்று நான் எப்படிச் சொல்வேன்?

குடிகாரர்களுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று சிலர் எழுதக்கூடும். இல்லை. டாமி செய்வதில் பெரும்பகுதியை நான் மன்னிக்கவில்லை. அப்பா எங்களைக் கைநீட்டி அடித்ததில்லை. அடித்திருந்தால் ஏர்வாடியைக் காரணம் காட்டி அதை நான் நியாயப்படுத்தியிருக்கமாட்டேன். தொடரின் மேல் எனக்கும் கடுமையான குறை ஒன்று உண்டு. மூன்றாம் சீசனில் டாமி, பிரிந்து வாழும் தன் மனைவியை வலுக்கட்டாயம் செய்யும் காட்சியை, அவளும் இணங்கிவிட்டதுபோல் முடித்திருப்பார்கள். ஒளிபரப்பானபோதே பலர் அதைக் கண்டித்தார்கள்; அந்தக் கண்டனம் முற்றிலும் சரியானது. தொடரில் வரும் பெண்கள் பெரும்பாலும் ஆண்களின் துயரத்துக்குப் பின்னணியாகவே நிற்கிறார்கள் என்பதும் உண்மை. அவமதிப்பு என்று நீங்கள் இதைச் சொல்லியிருந்தால் நான் உங்களோடு நின்றிருப்பேன்.

வீரர்களை வீரர்களாக மட்டும் காட்டினால் போதாதா என்று கேட்கிறீர்கள். அதை நாங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறோம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது இறந்த 66 தீயணைப்பாளர்களின் நினைவாக அந்த நாள் தீயணைப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று நிலையத்தில் மலர்வளையம் வைப்பார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குச் செயல்விளக்கம் காட்டுவார்கள், வந்தவர்கள் தியாகம், துணிச்சல் என்று பேசுவார்கள். அப்பா விறைப்பாக நின்று வணக்கம் செலுத்துவார். நான் அந்த நாளை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பேச்சில் என் அப்பாவுக்கு இடமிருக்கவில்லை. துணிச்சல்காரர் என்று மேடையில் சொல்லப்பட்டவர் அன்று இரவும் கதவைத் திறந்து வைத்துவிட்டு விழித்திருந்தார். பயமே அறியாதவர் என்று ஊர் சொல்லச் சொல்ல, தனக்குப் பயமாக இருக்கிறது என்று அவரால் எவரிடமும் சொல்ல முடியாமல் போயிற்று. அமெரிக்காவில் கோபுரத் தீயில் வேலை செய்தவர்களின் உடல்நோய்க்கும் மனநோய்க்கும் சிகிச்சையளிக்கும் சட்டமே 2011 ஜனவரியில்தான் கையெழுத்தானது. அவ்வளவு பணமுள்ள நாட்டிலேயே பத்தாண்டு ஆயிற்று என்றால், இங்கே அதைப் பற்றிப் பேசுவதையே அவமதிப்பு என்று ஒதுக்கிவிட்டால் எப்போது நடக்கும்?

உங்கள் வீட்டில் பணியில் இருப்பவரோடு சேர்ந்து இத்தொடரைப் பார்க்க நினைத்தால், நான்காம் சீசனின் தொடக்கத்தை, ஜெர்ரியின் முடிவு வரும் பகுதியை, முதலில் நீங்கள் தனியே பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மூன்றாம் சீசனில் நான் மேலே சொன்ன காட்சியைத் தாண்டிவிடுங்கள். செத்தவர்கள் வந்து பேசும் காட்சிகளில் அவர் எழுந்து போனால் தடுக்க வேண்டாம், ஏன் போனீர்கள் என்று அப்போதே கேட்கவும் வேண்டாம். அவரோடு வண்டியில் போகிறவர் யாராவது ஒருவரை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழையுங்கள். எங்கள் வீட்டில் பலித்தது அதுதான்.