மேடை நடுக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பெயரைக் கூப்பிட்டதுமே கால் நடுங்குகிறது, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. இந்தப் பயத்தை அடியோடு போக்க முடியுமா?

பதில்: அடியோடு போகாது. போயே ஆக வேண்டும் என்றும் இல்லை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் நம்மையே பார்த்தால், உடம்பு அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரந்து இதயம் படபடக்கிறது, தோலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் விரல்கள் சில்லிடுகின்றன, எச்சில் வற்றுகிறது. ஓடத் தயாரான தசைகள், ஓட வழியில்லாமல் நின்ற இடத்திலேயே உதறுகின்றன.

ஆகவே அந்தத் தசைகளுக்கு வேலை கொடுங்கள். காத்திருக்கும்போது இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி 5 விநாடி வைத்திருந்து விடுங்கள். நாற்காலியின் அடிப்பக்கத்தைப் பிடித்து மேல்நோக்கி இழுத்து விடுங்கள். நாலைந்து தடவை செய்தாலும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. பிறகு மூச்சு: மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, வாயைக் குவித்து 6 எண்ணும்வரை விடுங்கள். வெளிமூச்சு நீளும்போதுதான் துடிப்பு தணியும். ‘நல்லா மூச்சை இழு’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு வேகவேகமாக இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், பயம் இரட்டிப்பாகும்.

‘பதறாதே’ என்று மனதை அதட்டுவதிலும் பலன் குறைவு. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ‘அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டு பேசத் தொடங்கியவர்களே நன்றாகப் பேசினார்கள். படபடப்பை அடக்குவதைவிட அதற்கு வேறு பெயர் வைப்பது எளிது.

கேள்வி: உரை முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டுப் போனேன். நடுவில் ஒரு வரி விட்டுப்போனது. அதோடு எல்லாம் போய்விட்டது. என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: மனப்பாடம் செய்த உரையில் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வரும். ஒன்று நழுவினால் அடுத்தது எங்கே என்று தெரியாது. முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் சொல்லுக்குச் சொல் பாடம் பண்ணுங்கள். பயம் உச்சத்தில் இருக்கும் முதல் நிமிடத்தை அந்த இரண்டு வாக்கியங்கள் கடத்திவிடும்.

நடுப்பகுதிக்கு அட்டை. 5 நிமிடப் பேச்சுக்கு 3 கருத்து போதும். கருத்துக்கு ஓர் அட்டை. அஞ்சலட்டை அளவு, கெட்டியான தாள், ஒரு பக்கம் மட்டும் எழுத்து, மூலையில் வரிசை எண். மெல்லிய தாள் கை நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும். மைக்கில் சரசரக்கும் வேறு. எண் எதற்கு என்றால், அட்டைகள் கை தவறி விழும். அப்படி ஒரு நாள் வரும்.

தூக்கத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்றால் இரண்டாம் அட்டையில் ‘இரவு – செல்போன் வெளிச்சம் – மூளைக்குப் பகல்’ என்று இருந்தால் போதும். முழு வாக்கியமாக எழுதினால் கண் அதை வாசிக்கத் தொடங்கிவிடும், குரல் தட்டையாகிவிடும்.

இந்த அட்டைகளோடு, நின்றுகொண்டு, வாய்விட்டு ஐந்து முறையாவது பேசிப் பாருங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. மூச்சு எங்கே முட்டுகிறது என்று அதில் தெரியாது. ஒவ்வொரு முறையும் சொற்கள் மாறட்டும், அது நல்லதுதான். ஒரு முறை வேண்டுமென்றே மூன்றாம் அட்டையிலிருந்து தொடங்குங்கள்.

அப்படியும் மறந்தால், கடைசியாகச் சொன்ன வாக்கியத்தையே இன்னும் நிதானமாக ஒரு தடவை சொல்லுங்கள். கேட்பவர்கள் அதை அழுத்தம் கொடுத்ததாக நினைப்பார்கள். அதற்குள் அட்டையைப் பாருங்கள். ‘மன்னிக்கவும், பதற்றத்தில் மறந்துவிட்டது’ என்று மட்டும் அறிவிக்காதீர்கள். அதுவரை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: என் குரல் நடுங்குவது எல்லோருக்கும் தெரிந்துவிடுமே?

பதில்: நீங்கள் நினைப்பதில் கால்வாசிகூடத் தெரியாது. உங்கள் இதயம் அடிப்பது உங்களுக்கு மட்டும்தான் கேட்கிறது. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இந்த உண்மையை முன்கூட்டியே தெரிந்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள்.

கேள்வி: நடுக்கத்துக்கு மாத்திரை இருக்கிறதாமே?

பதில்: பிராப்ரனலாலைத்தான் கேட்கிறீர்கள். கை நடுக்கத்தையும் படபடப்பையும் குறைக்கும். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ ஏற்கெனவே குறைவாக உள்ளவர்களுக்கும் ஆகாது. மருத்துவர் எழுதித் தராமல், நண்பர் கொடுத்தார் என்று விழுங்க வேண்டாம். பயத்தினால் வகுப்பையோ வேலையையோ தவிர்க்கும் அளவுக்குப் போயிருந்தால், மனநல மருத்துவரிடம் பேசுங்கள்; அதற்கென்றே முறையான சிகிச்சை இருக்கிறது.

கேள்வி: மைக்கைக் கையில் எடுத்தாலே ‘கீ...’ என்று கத்துகிறது. என் ராசியா?

பதில்: ராசி இல்லை, பிடி. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் நுழைந்து சுற்றிச் சுற்றிப் பெருகுவதுதான் அந்தக் கூச்சல். ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். வலைபோட்ட தலைப்பகுதியைப் பொத்திப் பிடிக்காதீர்கள். வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி, மோவாய் மட்டத்தில் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். நேர் எதிரே வைத்தால் ‘ப’ வரும் இடத்தில் எல்லாம் ‘டப் டப்’ என்று வெடிக்கும். சோதிக்க வேண்டுமானால் ஊதவோ தட்டவோ வேண்டாம், ஒரு வாக்கியம் பேசிப் பாருங்கள். பக்கவாட்டில் இருப்பவர்களைப் பார்க்கத் தலையைத் திருப்பும்போது மைக்கும் கூடவே திரும்பட்டும்.