ஆல்-வெஸ்டர்ன் பட்டியலைப் போட்டது யார்? பழைய அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்: கேள்வி பதில்

கேள்வி: சார், 1900களில் ஆடியவர்களைப் பற்றிப் படித்தால் 'ஆல்-வெஸ்டர்ன்', 'ஆல்-கான்ஃபரன்ஸ்' என்று வருகிறது. இரண்டும் ஒன்றா? கான்ஃபரன்ஸ் கொடுத்த விருதா?

பதில்: கான்ஃபரன்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கான்ஃபரன்ஸ் என்றால் ஒன்றோடொன்று ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு. இங்கே பேசுவது இன்றைய பிக் டென் என்ற கூட்டமைப்பை, 1896இல் ஏழு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கியது. அன்று அதை வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் என்பார்கள். யார் ஆடலாம், எத்தனை வருடம் ஆடலாம் என்று விதி போடுவதுதான் அதன் வேலை. சிறந்த 11 பேரைப் பொறுக்கியது பத்திரிகைக்காரர்களும் பயிற்சியாளர்களும். ஆளுக்கொரு பட்டியல் போட்டார்கள்.

இரண்டும் ஒன்றும் அல்ல. ஆல்-வெஸ்டர்ன் என்றால் மேற்கில் (அன்று சிகாகோ, மிச்சிகன், மினசோட்டா பக்கம்) எந்தக் கல்லூரி வீரரும் வரலாம்; ஆல்-கான்ஃபரன்ஸ் என்றால் அந்தக் கான்ஃபரன்ஸில் இருந்த கல்லூரி வீரர்கள் மட்டும். 1906இல் வந்த புதுக் கட்டுப்பாடுகள் பிடிக்காமல் மிச்சிகன் அடுத்த வருடமே விலகியது, 1917இல்தான் திரும்பியது. நடுவில் ஆடிய ஆல்பர்ட் பென்புரூக் 1909, 1910 இரண்டு வருடமும், நாடு முழுவதற்குமான சிறந்த வீரர்களை வால்டர் கேம்ப் என்பவர் பொறுக்கிப் போட்ட ஆல்-அமெரிக்கா பட்டியலின் முதல் அணியில் இருந்த கார்டு (முன்வரிசை வீரர்). ஆல்-வெஸ்டர்னுக்கு அவர் தகுதியானவர். ஆல்-கான்ஃபரன்ஸில் தேடினால் கிடைக்க மாட்டார், அவ்வளவுதான்.

கேள்வி: 1901 மிச்சிகன் அணி 550 புள்ளி எடுத்து ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. ஆனாலும் அந்த வருடம் கேம்ப்பின் முதல் அணியில் ஒருவரும் இல்லையே?

பதில்: கேம்ப் கிழக்கில் இருக்கும் யேல் பல்கலைக்கழகத்து ஆள், அவர் பார்த்ததெல்லாம் கிழக்கு. 1889இல் வந்த முதல் ஆல்-அமெரிக்கா அணியில் 11 பேருமே ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன்தான். சிகாகோவின் கிளாரன்ஸ் ஹெர்ஷ்பெர்கர் 1898இல் உள்ளே நுழைந்ததே பெரிய விஷயம். மிச்சிகனின் வில்லி ஹெஸ்டன் 1903 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேற்கத்திய பத்திரிகைகள் தனிப் பட்டியல் போட்டதற்கு இந்த வயிற்றெரிச்சலும் ஒரு காரணம் என்பேன்.

கேள்வி: அப்படியென்றால் யார் பட்டியலை நம்புவது?

பதில்: மேற்கைப் பொறுத்தவரை என் ஓட்டு வால்டர் எக்கர்சாலுக்கு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக் (ஆட்டத்தை நடத்தும் வீரர்), 1904 முதல் 1906 வரை மூன்று வருடமும் ஆல்-அமெரிக்கா. அப்புறம் சிகாகோ டிரிப்யூன் பத்திரிகையில் எழுத்தாளர், கூடவே நடுவர். தான் விசில் ஊதிய ஆட்டத்துக்குத் தானே செய்தியும் எழுதுவார்! இன்றைக்கு அப்படிச் செய்தால் ஊரே கிழித்துத் தொங்கவிடும். ஆனால் டிவி இல்லாத காலத்தில் வீரர்களை அவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்தவர் வேறு யார்?

கேள்வி: பட்டியலில் டிஃபென்ஸுக்கு (தடுப்பாட்டத்துக்கு) தனி அணி கிடையாதா?

பதில்: கிடையாது. அதே 11 பேர்தான் இரண்டு பக்கமும் ஆடுவார்கள்.

கேள்வி: கறுப்பின வீரர்களுக்கு இடம் இருந்ததா?

பதில்: மேற்கில் சிலருக்கு இருந்தது. மினசோட்டாவின் எண்ட் (வரிசையின் ஓரத்தில் ஆடுபவர்) பாபி மார்ஷல் ஆல்-வெஸ்டர்ன் பெயர் பெற்றவர். 1906இல் சேறான மைதானத்தில் அவர் உதைத்த ஃபீல்ட் கோலில்தான் மினசோட்டா சிகாகோவை 4-2 என்று வென்றது (ஃபீல்ட் கோல் என்றால் பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது; அப்போது அதற்கு நான்கு புள்ளி). அன்று தோற்ற பக்கத்தின் குவாட்டர்பேக் நம் எக்கர்சாலேதான். தெற்கில் கதை வேறு. அங்கே வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பின மாணவரைச் சேர்க்கவே இல்லை, அதனால் தெற்குக்கான ஆல்-சதர்ன் பட்டியல்களிலும் அவர்கள் பெயர் வர வழியில்லை.

கேள்வி: இவர்கள் ஓடிய கெஜக் கணக்கு எங்கே கிடைக்கும்?

பதில்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளின் அமைப்பான என்சிஏஏ அதிகாரபூர்வமாகக் கணக்கு வைக்கத் தொடங்கியதே 1937இல்தான். அதற்கு முந்தையதற்குப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டிப் பாருங்கள். ஒரே ஆட்டத்துக்கு இரண்டு பத்திரிகை இரண்டு கணக்குச் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள்.