சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் எரிந்தால் இழப்பு யார் தலையில்?

கேள்வி: திருப்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். பதினான்கு மாதத்துக்கு முன் ₹1.18 லட்சம் கொடுத்து மின்சார ஸ்கூட்டர் வாங்கினேன். போன வாரம் இரவு கீழே பார்க்கிங்கில் சார்ஜ் போட்டிருந்தபோது தீப்பிடித்துவிட்டது. அணைக்கப் போன மனைவிக்குக் கையில் தீக்காயம். பக்கத்தில் நின்ற தம்பியின் பைக், மீட்டர் பெட்டி, மாடிப்படிச் சுவர் எல்லாம் எரிந்து போயின. வீட்டு ஓனர் ₹2.4 லட்சம் கேட்கிறார், தராவிட்டால் அட்வான்ஸில் கழித்துக்கொள்வாராம். 'எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜ் போட்டது உங்கள் தவறு' என்கிறது கம்பெனி. கம்பெனியைக் கேளுங்கள் என்கிறது ஷோரூம். தீப்பிடிப்பதற்கு நான்கு நாள் முன்புதான் ஆப் வழியாக ஒரு அப்டேட் வந்தது. சனிக்கிழமை கம்பெனி ஆட்கள் வண்டியை ஆய்வுக்கு எடுத்துப்போக வருகிறார்கள். யார் மீது வழக்குப் போடுவது?

பதில்: வழக்கு அப்புறம். முதலில், சனிக்கிழமை வண்டியைக் கொடுக்காதீர்கள். இந்த மாதிரி வழக்குகள் பெரும்பாலும் தோற்பது சட்டத்தால் அல்ல, எரிந்த பேட்டரி எதிர்த்தரப்பின் கைக்குப் போய்விடுவதால்தான். ஆய்வு செய்ய வேண்டுமானால் உங்கள் இடத்திலேயே, உங்கள் எதிரில், வீடியோ எடுத்துக்கொண்டு பார்க்கட்டும். ஆய்வகத்துக்குப் போக வேண்டுமென்றால் அதற்கு வழி இருக்கிறது: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 38(2)(சி). புகார் போட்டால் நுகர்வோர் ஆணையமே பொருளை சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, 45 நாளுக்குள் அறிக்கை கேட்கும். இதைச் சொல்லி இன்றே கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

எரிந்த வண்டியை வீட்டுக்குள்ளோ மற்ற வண்டிகள் பக்கத்திலோ வைக்க வேண்டாம். லித்தியம் பேட்டரி அணைந்த பிறகும் சில நாள் கழித்து மறுபடி பற்றலாம். வெட்டவெளியில் நிறுத்தி, மழை படாமல் மூடி, யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் படம் எடுங்கள். எதை எடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தீ சாக்கெட்டில் தொடங்கியிருந்தால் பொதுவாக பிளக்கின் பின்களும் சாக்கெட்டின் உள்பக்கமும் உருகி, கருகிக் கிடக்கும். பேட்டரியில் தொடங்கியிருந்தால் பேக்கின் உறை உள்ளிருந்து வெளியே பிளந்திருக்கும், செல்கள் சில அடி தள்ளித் தெறித்துக் கிடக்கும். சார்ஜரின் பிளக் முனை ஓரளவு முழுசாகவே இருக்கவும் கூடும். எதில் தொடங்கியது என்று முடிவாகச் சொல்வது நிபுணர் வேலை. ஆனால் அந்த நிபுணருக்குப் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சார்ஜர், அதில் ஒட்டியிருக்கும் லேபிள், பேட்டரியின் சீரியல் எண், எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) எந்த நிலையில் இருந்தது, சுவரில் புகை படிந்த உயரம் என எல்லாவற்றையும் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள். பாக்ஸைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கம்பெனி பழியைத் தூக்கிப் போடுவதே அதன் மேல்தான்.

அந்தப் பழிக்குப் பதில் சார்ஜர் லேபிளிலேயே கிடைக்கலாம். உதாரணமாக 750 வாட் சார்ஜர் என்றால் 230 வோல்ட்டில் அது இழுப்பது சுமார் 3.3 ஆம்பியர். 6 ஆம்பியர் சாக்கெட் இதைத் தாராளமாகத் தாங்கும். அதே பாக்ஸில் அயர்ன்பாக்ஸோ கிரைண்டரோ ஓடவில்லை என்றால் 'ஓவர்லோடு' என்ற வாதம் நிற்காது. ஆனால் கையேட்டில் 'எக்ஸ்டென்ஷன் பயன்படுத்தாதீர்கள், எர்த் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டில் மட்டும் செருகுங்கள்' என்று இருந்தால், உங்கள் பங்குக்கும் கவனக்குறைவு உண்டு என்று சொல்லி இழப்பீட்டைக் குறைக்கப் பார்ப்பார்கள். இந்தப் பலவீனத்தைத் தெரிந்தே இறங்குங்கள். அந்த எச்சரிக்கை எந்த மொழியில், எந்தப் பக்கத்தில், எவ்வளவு பெரிய எழுத்தில் இருந்தது என்பதைக் குறித்து வையுங்கள். போதுமான எச்சரிக்கை தராததே தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கும் ஒரு காரணம், அதே 2019 சட்டத்தின் பிரிவு 84(1)(இ).

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நூறு வருஷத்துக்கு முன் இதே சம்பவம் இங்கிலாந்தில் நடந்தது, பேட்டரிக்குப் பதில் பெட்ரோல். 1919-இல் தீர்ப்பான மஸ்குரோவ் எதிர் பண்டெலிஸ் வழக்கு அது. மாடியில் ஒருவர் குடியிருக்க, கீழே கராஜில் இன்னொருவரின் கார். டிரைவர் ஸ்டார்ட் செய்தபோது கார்புரேட்டரில் தீ. பெட்ரோல் குழாயின் டேப்பை உடனே மூடியிருந்தால் அணைந்திருக்கும், அவர் மூடவில்லை. டேங்கில் பெட்ரோலோடு காரை வைத்திருப்பதே ஆபத்தான பொருளை வைத்திருப்பதுதான் என்று சொல்லி, கார் உரிமையாளரையே பொறுப்பாக்கியது நீதிமன்றம். இன்று வீட்டில் கார் நிறுத்துவதை அப்படி யாரும் பார்ப்பதில்லை. புதிதாக இருந்தவரை வைத்திருந்தவன் தலையில் விழுந்த பொறுப்பு, பழகிப் போனதும் நகர்ந்துவிட்டது.

நகர்ந்தது எங்கே? ஆபத்தைத் தடுக்கும் டேப் யார் கையில் இருக்கிறதோ அவரிடம். 1919-இல் அது டிரைவர் கையில் இருந்தது. உங்கள் ஸ்கூட்டரில் செல் சூடேறினால் சார்ஜை நிறுத்த வேண்டியது பேட்டரி மேலாண்மை அமைப்பு. அதன் மென்பொருளை எழுதியது கம்பெனி, நான்கு நாள் முன்பு மாற்றியதும் கம்பெனி. அதைத் திறந்து பார்க்கக்கூட உங்களுக்கு வழி கிடையாது. உங்கள் வழக்கின் முதுகெலும்பு இதுதான். நோட்டீஸிலும் புகாரிலும் இதையே முன்னால் வையுங்கள்.

2019 சட்டத்தின் ஆறாவது அத்தியாயம் ('தயாரிப்புப் பொறுப்பு', பிரிவு 82 முதல் 87 வரை) இதற்கென்றே வந்தது. உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை, சொன்ன தரத்திலிருந்து விலகல், கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாமை, போதிய எச்சரிக்கையின்மை என ஐந்து காரணங்களில் ஒன்றை நிரூபித்தால் தயாரிப்பாளர் பொறுப்பு. உத்தரவாதம் பொய்த்தால், 'நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம்' என்ற பதில் அவருக்கு உதவாது, பிரிவு 84(2). எனவே பிரவுச்சரில் பேட்டரிப் பாதுகாப்பு பற்றி எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் உங்களுக்குச் சாட்சி. வடிவமைப்புக் குறைக்கு அளவுகோல், மின் வண்டி பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ்.-156 தரநிலை. 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு தொடர்ந்து நடந்த இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகு இந்தத் தரநிலை கடுமையாக்கப்பட்டது. ஒரு செல்லில் பற்றிய தீ பரவுவது பற்றிய சோதனை, பேட்டரி மேலாண்மை அமைப்பு, சார்ஜரின் பாதுகாப்பு எல்லாம் அதில் வந்தன. 2023 மார்ச் 31 முதல் அதன் இரண்டாம் கட்டமும் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் பேட்டரி மாடலுக்கான சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள்.

மென்பொருள் தனியாக ஒரு 'தயாரிப்பு' ஆகுமா என்று நம் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த புதிய நெறிமுறை, மென்பொருளும் தயாரிப்புதான் என்கிறது. 2026 டிசம்பர் 9-க்குப் பின் சந்தைக்கு வரும் பொருள்களுக்கு அது பொருந்தும். உங்களுக்கு அந்தச் சண்டையே தேவையில்லை. வண்டிக்குள் ஓடும் மென்பொருள் வண்டியின் ஒரு பாகம். அப்டேட்டால் குறை வந்தால் அது வண்டியின் குறை.

ஷோரூம்காரரை எளிதில் விட்டுவிடாதீர்கள். பிரிவு 86-இன்படி விற்பனையாளர் தனியாக உத்தரவாதம் தந்திருந்தாலோ, பொருத்துவதிலும் பராமரிப்பதிலும் கவனமில்லாமல் இருந்திருந்தாலோ, எச்சரிக்கையை உங்களிடம் சேர்க்காவிட்டாலோ அவரும் பொறுப்பு. தயாரிப்பாளர் யாரென்று தெரியாமலோ அவர் மேல் உத்தரவை நிறைவேற்ற முடியாமலோ போனாலும் அப்படித்தான். கடையைச் சாத்திவிட்டுப் போகும் சின்னக் கம்பெனிகள் இந்தத் தொழிலில் நிறைய. பேட்டரி சர்வீஸ் செய்த ஜாப் கார்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

வக்கீல் நோட்டீஸில் இழப்பீட்டோடு சேர்த்து இவற்றைப் பாதுகாத்து வைக்கச் சொல்லுங்கள்: கடைசி 90 நாள் சார்ஜிங் பதிவு, செல் வெப்பநிலை, பிழைக் குறியீடுகள், அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் இருந்த மென்பொருள் பதிப்பு, அதே பேட்ச் பேட்டரிகள் பற்றி வந்த புகார்கள். கையிலிருக்கும் தரவைத் தராமல் மறைத்தால், தந்திருந்தால் அவர்களுக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று ஊகிக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் பிரிவு 119 இடம் தருகிறது. உங்கள் போனில் உள்ள அப்டேட் அறிவிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஆப்பை அழிக்க வேண்டாம். தாக்கல் செய்யும்போது, மின்னணுச் சாட்சியத்துக்கு அதே சட்டத்தின் பிரிவு 63 கேட்கும் சான்றிதழை இணையுங்கள். அதில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று நீங்கள் கையெழுத்திடுவது, இன்னொன்று நிபுணர்.

தீயணைப்புத் துறையின் அறிக்கை, காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான ஒப்புகை), மனைவிக்குச் சிகிச்சை தந்த மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்), மீட்டர் பெட்டியைப் பார்த்த மின்வாரிய உதவிப் பொறியாளரின் குறிப்பு. இந்த நான்கையும் இந்த வாரமே வாங்குங்கள். நாள் ஆக ஆக எழுதித் தர யோசிப்பார்கள்.

புகார் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், கம்பெனியின் ஊருக்குப் போக வேண்டாம். குடியிருக்கும் இடத்தில் போடும் உரிமையை நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 34 தருகிறது. கட்டணம் கணக்கிடுவது கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, கொடுத்த விலையை வைத்து. ₹5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. காலக்கெடு தீப்பிடித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. பில்லில் 'நடுவர் மன்றத்துக்கு மட்டுமே' என்று அச்சடித்திருந்தாலும் ஆணையத்தின் கதவு மூடாது.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று. 'தயாரிப்புப் பொறுப்பு' என்ற தலைப்பில் மட்டும் புகார் போட்டால் ஸ்கூட்டரின் விலை கிடைக்காது. பிரிவு 2(22) சொல்லும் 'தீங்கு' என்பதில் அந்தப் பொருளுக்கே நேர்ந்த சேதம் சேராது. மனைவியின் காயமும் மற்ற சொத்துச் சேதமும் அந்தத் தலைப்பில் வரட்டும், வண்டி விலையைக் 'குறையுள்ள பொருள்' என்ற தலைப்பில் தனியாகக் கேளுங்கள். ஒரே புகாரில் இரண்டையும் வைக்கலாம். உங்கள் சம்மதத்தோடு வண்டி ஓட்டியிருந்தால் மனைவியும் நுகர்வோர்தான், அவரையும் புகார்தாரராகச் சேருங்கள். தம்பி இந்த ஸ்கூட்டரை வாங்கியவரும் அல்ல, பயன்படுத்தியவரும் அல்ல என்றால் அவர் நிலை சிக்கல். அவருடைய பைக்குக்கு காம்ப்ரிஹென்சிவ் பாலிசி (சொந்தச் சேதத்துக்கும் சேர்த்த இன்சூரன்ஸ்) இருந்தால் அதில் கேட்பதே சுலபமான வழி.

ஓனர் விஷயம். தீ விபத்து நடந்ததாலேயே வாடகைதாரர் கட்ட வேண்டும் என்று சட்டம் இல்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டம் பிரிவு 108(எம்)-இன்படி, உங்கள் செயலாலோ தவறாலோ வந்த சேதத்தைத்தான் நீங்கள் சரிசெய்ய வேண்டும். வீட்டு மின் இணைப்பிலேயே சொந்த வண்டியை சார்ஜ் செய்துகொள்ள மத்திய மின் அமைச்சக வழிகாட்டுதல் இடம் தருவதால், சார்ஜ் போட்டதே தவறு என்று அவர் சொல்ல முடியாது. வாடகை ஒப்பந்தத்தில் தடை எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 'என்னால் நடந்துவிட்டது, தந்துவிடுகிறேன்' என்று வாட்ஸ்அப்பில்கூட எழுதாதீர்கள். காரணம் விசாரணையில் உள்ளது, பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் சேதக் கணக்கெடுப்புக்கு ஒத்துழைக்கிறேன் என்று எழுதிக் கொடுங்கள். இருவரும் சேர்ந்து ஒரு பொறியாளரை வைத்து மதிப்பீடு வாங்கினால் ₹2.4 லட்சம் உண்மையா என்று தெரிந்துவிடும். கம்பெனியோடு ஓனருக்கு ஒப்பந்தம் இல்லை. ஆனாலும் கவனக்குறைவுக்காக அவரே நேராகக் கம்பெனி மேல் மூன்று ஆண்டுக்குள் உரிமையியல் வழக்குப் போடலாம். அங்கே கோரும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம் உண்டு. இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், எதிரியாக நிற்பவர் சாட்சியாக மாறக்கூடும்.

இன்சூரன்ஸைப் பார்த்தீர்களா? புது வண்டிக்கு 'அஞ்சு வருஷ இன்சூரன்ஸ்' என்று ஷோரூமில் சொல்வது மூன்றாம் நபர் பாலிசி. சொந்தச் சேதத்துக்கானது பெரும்பாலும் ஒரு வருஷம்தான். பதினான்கு மாதம் ஆகிவிட்டதால் புதுப்பித்திருந்தால் மட்டுமே தீக்கு இழப்பீடு கிடைக்கும். புதுப்பித்திருந்தால் இன்றே தகவல் கொடுங்கள், வண்டி ஏற்கெனவே ஆபத்தில்லாத இடத்தில் நின்றால், சர்வேயர் வரும் வரை அதை நகர்த்தாமல் இருப்பது இன்னும் நல்லது.

வண்டிக்குக் கடன் ஓடுகிறது என்றால் இ.எம்.ஐ.யை நிறுத்தாதீர்கள். வங்கிக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமில்லை, கெடுவது உங்கள் சிபில் மட்டுமே. கட்டிய தவணை ரசீதுகளை இழப்பீட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.